உப்பும் மிளகாயும் சொல்லும் துயரம்

கண்டியை அடுத்த தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ், சீன எழுத்தாளர் லூசுனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். பிரிந்துபோன துணைக்காக வருந்துவதைச் சிறுகதையில் எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு, அந்த லூசுன் 1925இல் எழுதிய ஒரு கதையைத்தான் காட்டவேண்டும்.

வீட்டாரை மீறிச் சேர்ந்து வாழ்கிறார்கள் ஜுவான்ஷெங்கும் ஸீஜுனும். அவனுக்கு வேலை போகிறது. வறுமை முற்ற, அவள் ஆசையாய் வளர்த்த நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறான். பிறகு, உன்மேல் இப்போது அன்பில்லை என்று அவளிடமே சொல்லிவிடுகிறான். ஒருநாள் வீடு திரும்பினால் அவள் இல்லை. தகப்பன் வந்து அழைத்துப் போயிருக்கிறார். கடிதமும் இல்லை. உப்பு, காய்ந்த மிளகாய், மாவு, அரை முட்டைக்கோசு, கொஞ்சம் செப்புக்காசு, எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இருந்ததெல்லாம் அவ்வளவுதான். அதையும் அவனுக்கே விட்டுப் போயிருக்கிறாள்.

எத்தனை அழுகையை எழுதினாலும் அந்த மிளகாய்க்கு ஈடாகாது!

அவள் இறந்த செய்தி பின்னால் வருகிறது. கதை முழுக்க அவன் எழுதும் குறிப்புகள்தாம். வருத்தமும் தன்னை நியாயப்படுத்தும் முயற்சியும் ஒரே பத்தியில் கலந்து வரும். அவள் பக்கத்தை நாம்தான் ஊகிக்கவேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சிங்கள எழுத்தாளர் எதிரிவீர சரச்சந்திர வேறு வழி கண்டார். 1959இல் வந்த ‘மளகிய எத்தோ’ நாவலில் ஜப்பானியப் பெண் நொரிகோவைப் பிரிந்த ஆண் பேசுகிறான். 1965இல் வந்த தொடர்ச்சியில் நொரிகோவே பேசுகிறாள்.

சிறுகதையில் அதற்கு இடம் போதாது. எழுத வருகிறவர்கள் லூசுனின் கதையை முதலில் படியுங்கள்.