யாரைப் பற்றி? யார் மேல்?

பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுக்களைப் பற்றிய புலம்பல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். படிவம் நீளம். பதில் வர மாசக்கணக்கு. ஒப்புதல் கடிதத்தில் ஒரு வரி மாற்றினாலும் மறுபடி அனுப்பணும். மருத்துவத்துக்காக எழுதிய கேள்விகளை நாலு பேரிடம் பேட்டி எடுப்பவரிடமும் கேட்கிறார்கள். இதிலெல்லாம் நியாயம் இருக்கு, மறுக்கவில்லை.

ஆனா கணினித் துறையில் பெரிய சண்டையில் முடிந்த சில ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அவை எதுவும் அந்த நீளமான படிவத்தில் மாட்டவே இல்லை. முதல் கேள்வியிலேயே வெளியே போய்விட்டன. "இது மனிதர்களை உட்படுத்தும் ஆய்வா?" இதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் மீதிப் பக்கங்களை யாரும் நிரப்ப வேண்டியதில்லை. ஆபத்து என்ன, ஒப்புதல் உண்டா, முடிந்த பிறகு என்ன சொல்வீர்கள் என்ற கேள்விகள் எல்லாம் அந்த மீதிப் பக்கங்களில்தான் இருக்கின்றன.

இந்தப் பதிவு அந்த முதல் கேள்வியைப் பற்றியது. முக்கிய உதாரணம், லினக்ஸ் கெர்னல் பக்கம் நடமாடும் எல்லாருக்கும் நினைவிருக்கும் மினசோட்டா பல்கலைக்கழக விவகாரம்.

நடந்தது என்ன

2020 ஆகஸ்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் போலிப் பெயர்களில் கெர்னலுக்கு 5 பேட்ச் அனுப்பினார்கள். பார்க்கச் சின்னப் பிழைத் திருத்தம் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஓட்டையைத் திறந்துவிடும். உதாரணமாக, ஒரு ஃபங்ஷன் பிழையோடு திரும்பும் வழியில் நினைவகத்தை விடுவிக்க மறந்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரே ஒரு வரி சேர்ப்பது. அந்த நினைவகத்தை வேறொரு இடத்தில் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அது யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ ஓட்டை. நல்லெண்ணத் திருத்தம் போல வேஷம் போடும் இந்த மாதிரி பேட்சுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹிப்போகிரைட் கமிட்', பாசாங்கு கமிட் என்று சொல்லலாம். பராமரிப்பாளர் "சரி" என்று மின்னஞ்சலில் சொன்னதும், அதைச் சேர்க்க வேண்டாம் என்று தடுத்துச் சரியான பேட்சைக் கொடுப்பதுதான் திட்டம்.

கட்டுரையை ஐ.இ.இ.இ.யின் பாதுகாப்பு மாநாடு 2021-க்கு ஏற்றுக்கொண்டது. நவம்பர் 2020-ல் அதன் சுருக்கம் வெளியே வந்தபோதே எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரல் 2021-ல் அதே குழுவைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து தரமில்லாத பேட்சுகள் வந்தன. இவை அந்தச் சோதனையைச் சேர்ந்தவை அல்ல என்பது பின்னால் தெரிந்தது. ஆனா பொறுமை தீர்ந்துபோன கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளை ஏற்க வேண்டாம் என்று அறிவித்தார். 190 கமிட்களைத் திரும்பப் பெறும் ஒரு தொகுப்பையும் அனுப்பினார். ஆய்வாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு அந்தப் பல்கலைக்கழக முகவரிகளிலிருந்து வந்த 435 கமிட்களை மறுபடி உட்கார்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒழுங்காகத்தான் இருந்தன.

ஒன்றை முதலில் சொல்லிவிடணும். ஆய்வின் கேள்வி நல்ல கேள்வி. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட் நூலகத்தில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, "நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே நுழைய முடியுமா?" என்ற கேள்விக்கு நிஜ உலகமே பதில் சொன்னது. என் சண்டை கேள்வியோடு இல்லை. அந்தக் கேள்விக்குள் மனிதர்களே இல்லை என்று எழுதியதோடுதான்.

கட்டுரையின் நெறிமுறைப் பத்தி

கட்டுரையில் நெறிமுறை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதன் சாரம் மூன்று. ஒன்று, நாங்கள் பேட்ச் ஏற்கும் நடைமுறையை ஆராய்ந்தோம், தனிநபர் நடத்தையை அல்ல. யாருடைய சொந்தத் தகவலையும் சேகரிக்கவில்லை. இரண்டு, பல்கலைக்கழகத்தின் ஐ.ஆர்.பி. (அமெரிக்காவில் நெறிக் குழுவுக்கு இதுதான் பெயர்) இது மனித ஆய்வு அல்ல என்று முடிவு செய்து விலக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. மூன்று, நேரம் செலவான பராமரிப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மூன்றாவதை எடுத்து முதலாவதின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வுக்குள் மனிதர் யாரும் இல்லை என்றால் மன்னிப்பு யாரிடம்? நடைமுறையிடமா? ஒரு பேட்சைப் படித்து, யோசித்து, "சரி" என்று தட்டச்சு செய்கிற ஆள் இல்லாமல் 'பேட்ச் ஏற்கும் நடைமுறை' என்று ஒன்று கிடையாது. அவருடைய களைப்பும் அவசரமும், அனுப்பியவர் மேல் அவர் வைத்த நம்பிக்கையும்தான் அந்தச் சோதனையில் அளக்கப்பட்டவை. எக்ஸ்.இசட்டில் தாக்கியவருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. தனியாளாக அந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் களைப்புதான் அங்கே வாசல்.

இரண்டாவதிலும் ஒரு குழப்பம். 'மனித ஆய்வு அல்ல' என்பதும் 'விலக்கு' என்பதும் அமெரிக்க விதிகளில் வேறு வேறு. முதலாவது, விதியே பொருந்தாது என்கிறது. இரண்டாவது, இது மனித ஆய்வுதான், ஆனால் ஆபத்து குறைந்த ரகம், அதனால் முழு விசாரணை வேண்டாம் என்கிறது. கட்டுரை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஒரு நெறிமுறைப் பத்தியில் முக்கியமான சொல்லே இது. பாதுகாப்பு மாநாட்டின் மதிப்பாய்வில் இதை யாரும் நிறுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. கடிதம் இருக்கு, போதும் என்று தாண்டியிருப்பார்கள்.

இன்னொன்று வரிசை. ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்ட விளக்கத்தில், இது மனித ஆய்வு என்று தங்களுக்குத் தோன்றவே இல்லை, அதனால் ஆரம்பத்தில் ஐ.ஆர்.பி.யிடம் போகவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். சுருக்கத்தைப் பார்த்த மற்றவர்கள் சொன்ன பிறகுதான் போனார்கள். இந்த முடிவை நாமே எடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டதாகவும் எழுதினார்கள். நேர்மையான வரி. ஆனா குழுவும் பிறகு அதே பதிலைத்தானே சொன்னது?

குழு ஏன் 'இல்லை' என்றது

குழுவை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் கையில் இருந்த விதியைப் படித்தால் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று புரியும். 45 சி.எஃப்.ஆர். 46 என்ற அந்த விதியின்படி, உயிரோடு இருக்கும் ஒரு நபரைப் பற்றி, அவரோடு ஊடாடியோ அவரிடம் ஏதாவது செய்தோ, ஆய்வாளர் தகவல் பெற்றால்தான் அவர் ஆய்வுக்கு உட்படும் மனிதர் ஆகிறார். அவரை அடையாளம் காட்டும் தனிப்பட்ட தகவலைப் பயன்படுத்தினாலும் அப்படியே. இரண்டிலும் முக்கியமான சொல் 'பற்றி'.

இந்த விதியின் பிறப்பு மருத்துவத்தில். டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயாளிகளான கறுப்பினத்தவர்களைச் சிகிச்சை கொடுக்காமலே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே வந்ததும் 1974-ல் சட்டம், 1979-ல் பெல்மாண்ட் அறிக்கை. ஊசி போடப்படும் உடம்பும் தகவல் எடுக்கப்படும் உடம்பும் அங்கே ஒன்றுதான். அதனால் 'யாரைப் பற்றி' என்று கேட்டாலே 'யார் மேல்' என்பதற்கும் பதில் வந்துவிடும்.

மென்பொருளில் இந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. தகவல் கெர்னலைப் பற்றி. சோதனை பராமரிப்பாளர் மேல். விதி முதலாவதை மட்டும் கேட்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், கிளையன்ட் பக்கத்தில் தப்பான வாலிடேஷன், சர்வருக்கு அனுப்பினால் அங்கேயும் அதே ரூல். எத்தனை தடவை அனுப்பினாலும் பாஸ் ஆகத்தான் செய்யும்.

இது ஒரு தடவை நடந்த விபத்து என்றால் பதிவே எழுத வேண்டியதில்லை. இன்னும் மூன்று பாருங்கள்.

2014-ல் பி.என்.ஏ.எஸ். இதழில் வந்த ஃபேஸ்புக் ஆய்வு. 6,89,003 பேரின் நியூஸ் ஃபீடில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தார்கள். சோதனை நடத்தியது நிறுவனம்; எங்கள் ஆள் அதன் முடிவுகளை மட்டும்தான் பார்த்தார் என்று கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒதுங்கிக்கொண்டது.

2015-ல் சிக்காம் மாநாட்டில் வந்த 'என்கோர்' கட்டுரை. இணையத் தணிக்கையை அளப்பதற்காக, ஒரு தளத்துக்கு வருபவரின் பிரவுசரை அவருக்கே தெரியாமல் வேறு தளங்களை எட்டிப் பார்க்க வைத்தார்கள். கண்காணிப்பு கடுமையான நாட்டில் இருப்பவருக்கு இதில் என்ன ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். இங்கேயும் நெறிக் குழுக்களின் பதில், மனித ஆய்வு அல்ல. மாநாட்டுக் குழு தன் கவலையை எழுதி, கட்டுரையின் தலைப்பகுதியிலேயே அச்சிட்டது.

2021 டிசம்பரில் பிரின்ஸ்டன். தனியுரிமைச் சட்டங்களைத் தளங்கள் எப்படிக் கடைப்பிடிக்கின்றன என்று அறிய, கற்பனைப் பெயர்களில் இணையதளங்களுக்கு மின்னஞ்சல் போனது. சட்டப்படி 45 நாளில் பதில் வேண்டும் என்ற தொனி. அது தனியாளாக வலைப்பூ நடத்துபவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சிலர் வழக்கு வரப்போகிறது என்று பயந்து வக்கீலைத் தேடினார்கள். கேள்வி தளத்தின் நடைமுறை பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல, ஆகவே மனித ஆய்வு அல்ல என்பதுதான் இங்கேயும் குழுவின் தீர்மானம். கடைசியில் ஆய்வு நிறுத்தப்பட்டு மன்னிப்புக் கேட்கப்பட்டது. அந்த மெயில் எனக்கு வந்திருந்தால் எனக்கும் தூக்கம் போயிருக்கும்.

"முன்னாடியே சொன்னா ஆய்வே நடக்காதே?"

இதுதான் வழக்கமான எதிர்வாதம். பாதி உண்மை. நாளைக்குப் போலி பேட்ச் வரும் என்று தெரிந்தால் பராமரிப்பாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

ஆனா மனித ஆய்வு என்று ஒப்புக்கொண்டிருந்தால் அதற்கும் அதே விதிகளில் வழி இருக்கு. ஆபத்து மிகக் குறைவு, முன்கூட்டிச் சொன்னால் ஆய்வே சாத்தியமில்லை, பங்கேற்பவரின் உரிமையும் நலனும் பாதிக்கப்படாது என்று காட்டினால் ஒப்புதல் தேவையிலிருந்து தளர்வு கேட்கலாம். பொருத்தமான இடத்தில் பிறகு எல்லாவற்றையும் விளக்கணும். ஃபிஷிங் ஆய்வுகள் பல இப்படித்தான் நடக்கின்றன. நிறுவனங்களில் பென்-டெஸ்ட் செய்பவர் மேலிடத்தின் எழுத்து அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டுதானே உடைக்கப் பார்க்கிறார்? கெர்னலிலும் மேல்மட்டத்தில் இரண்டொருவரிடம் சொல்லியிருக்கலாம். "அடுத்த ஒரு வருஷத்தில் எப்போதாவது ஒரு சோதனை வரலாம், சம்மதமா?" என்று பராமரிப்பாளர்களிடம் பொதுவாகக் கேட்டிருக்கலாம். அதாவது, நீளமான படிவத்தின் மீதிப் பக்கங்கள் இந்த ஆய்வைக் கொன்றிருக்காது. காப்பாற்றியிருக்கும்.

இன்னொரு எதிர்வாதம் எனக்கே உண்டு. 'யார் மேல்' என்று கேட்க ஆரம்பித்தால் எல்லாமே உள்ளே வந்துவிடாதா? ஒரு பக் ரிப்போர்ட் கூட யாரோ ஒருவரின் நேரத்தைத் தின்கிறது. உண்மைதான். ஆனா பக் ரிப்போர்ட் தன்னை பக் ரிப்போர்ட் என்றே சொல்கிறது. நான் கோடு போடும் இடம் ஏமாற்று. ஆய்வு என்று தெரியாத ஒருவரை, ஆய்வுக்காகவே ஒரு வேலை செய்ய வைத்தால், தகவல் எதைப் பற்றியதாக இருந்தாலும் அவர் ஆய்வுக்குள் இருக்கிறார்.

இந்த யோசனை புதிதும் இல்லை. தகவல் தொழில்நுட்ப ஆய்வுகளுக்காக 2012-ல் வந்த மென்லோ அறிக்கை, மனிதர்களுக்குத் தீங்கு நேரக்கூடுமா என்ற பக்கமாகப் பார்வையைத் திருப்பச் சொன்னது. மேலே சொன்ன நான்கில் மூன்று அதற்குப் பிறகு நடந்தவை. மினசோட்டாவுக்குப் பின் ஐ.இ.இ.இ. மாநாடு தனியாக ஓர் ஆய்வு நெறிக் குழு வைத்தது. யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாடு 2025-லிருந்து நெறிமுறைப் பகுதியைக் கட்டாயமாக்கியது. நல்ல விஷயம்தான். ஆனா மாநாடு கேட்கும்போது சோதனை முடிந்து, மெயில் போய், வக்கீலுக்குக் காசும் கட்டியாகியிருக்கும். கேள்வி முதல் பக்கத்தில் இருக்கணும்.

என்னை மாதிரி எந்த நிறுவனமும் இல்லாமல் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் குழுவும் இல்லை, படிவமும் இல்லை. அதனால் எதையாவது ஸ்கிரிப்ட் எழுதி வெளியே அனுப்பும் முன் நான் கேட்டுக்கொள்ளும் மூன்று கேள்விகளை இங்கே போடுகிறேன். இதைத் திறக்கப் போகும் ஆள் யார்? இது ஆய்வு என்று தெரிந்தால் அவர் இதையே செய்வாரா? முடிந்ததும் அவரிடம் என் பெயரோடு எல்லாவற்றையும் சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமா? பதிலை நானே முடிவு செய்யாமல், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு நண்பரிடம் காட்டிவிடுவேன்.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் வாசகர்கள் யாராவது உங்கள் படிவத்தின் முதல் கேள்வி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். 'பற்றி' என்று இருக்கிறதா, 'மேல்' என்று இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.