சிவனொளிபாதமலை: இறங்கும்போது பாருங்கள்

இலங்கையின் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நல்லதண்ணியிலிருந்து இரவில் படியேறத் தொடங்கி, விடியுமுன் 2,243 மீட்டர் உயர உச்சியை அடைந்து, கிழக்கே சூரியன் எழுவதைக் கண்டதும் அவசரமாக இறங்கிவிடுகிறார்கள். இரவில் ஏறுவதைக் குறை சொல்ல மாட்டேன். வெயில் இல்லை, டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையிலான பருவத்தில் வழிநெடுக விளக்கும் உண்டு. ஆனால் இருட்டில் ஏறுகிறவருக்குத் தெரிகிற மலை அடுத்த படி மட்டும்தான். சூரிய உதயத்தை எந்தக் கடற்கரையிலும் பார்க்கலாம். இந்த மலைக்கே உரியவற்றைப் பார்க்க, உதயத்துக்கு முதுகைத் திருப்பவும் பகலில் நிதானமாக இறங்கவும் வேண்டும்.

வானம் தெளிவாக இருந்தால், சூரியன் எழுந்ததும் மேற்கே திரும்புங்கள். தாழ்நிலத்து மூடுபனியின் மேல் மலையின் நிழல் கூர்முனை முக்கோணமாக விழுந்து கிடக்கும். மலை கூம்பு வடிவில் இருப்பதால்தான் நிழலும் அப்படி விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது முழு விளக்கம் அல்ல. ஒழுங்கற்ற உச்சியுள்ள மலைகளின் நிழலும் அவற்றின் உச்சியிலிருந்து பார்த்தால் முக்கோணமாகவே தெரியும். நெடுந்தொலைவுக்கு நீளும் நிழலின் இரு ஓரங்களும், தண்டவாளங்களைப் போல, தூரத்தில் ஒன்றுசேர்வதாகக் கண்ணுக்குத் தோன்றுகின்றன. சூரியன் உயர உயர அந்த முக்கோணம் மலையடியை நோக்கிச் சுருங்கி மறைந்துவிடும்.

அதன்பின் காடு. உச்சியை ஒட்டிய மரங்கள் காற்றாலும் குளிராலும் குள்ளமாக, முறுக்கிய கிளைகளோடு பாசி போர்த்தி நிற்கின்றன. இறங்க இறங்க மரங்கள் நிமிர்ந்து உயர்கின்றன, இலைகள் பெரிதாகின்றன. இரத்தினபுரி வழியில் இறங்கினால் இந்த மாற்றத்தைத் தாழ்நில மழைக்காடு வரை தொடர்ந்து பார்க்கலாம். நல்லதண்ணிப் பக்கம் அடிவாரக் காடு 19ஆம் நூற்றாண்டிலேயே கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இடம்விட்டது; கண்முன் விரியும் அந்தப் பச்சை, மலையகத் தமிழர்களின் தலைமுறை தலைமுறையான உழைப்பு.

உச்சியிலுள்ள பாதச்சுவட்டைத் தொழ வந்த இடத்தில் மரம் பார்ப்பதா என்று கேட்கலாம். அந்தப் பாதம் சிவனுடையதா, புத்தருடையதா, ஆதமுடையதா என்பதில் நம்பிக்கைகள் வேறுபடுகின்றன. ஆனால் எல்லோரும் ஏறுவது ஒரே காட்டின் வழியாகத்தான். சீத கங்குல ஓடையில் முகம் கழுவிவிட்டு ஏறுவது யாத்திரிகர் வழக்கம். மழையையும் முகிலையும் பிடித்துவைத்து அந்த ஓடையை ஓடவைப்பது மேலேயுள்ள காடு. களு கங்கைக்கும் களனி கங்கைக்கும் நீர் தருவது இந்த மலைத்தொடரே. காட்டைப் பார்ப்பது பக்திக்குக் குறுக்கே நிற்காது.

இரத்தினபுரி வழி நீண்டது, அட்டைக்கடியும் உண்டு என்பது நியாயமான தயக்கம். 1344இல் இங்கு வந்த பயணி இப்னு பதூதாவே அட்டைகளைப் பற்றியும் அவற்றின்மேல் பிழியும் எலுமிச்சை பற்றியும் எழுதியிருக்கிறார். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் அந்த வழியில் போக வேண்டாம். ஏறிய வழியிலேயே, நெரிசல் குறைந்தபின் மெதுவாக இறங்குங்கள். காடு முடிந்து முதல் தேயிலைச் செடி தென்படும் இடத்தில் நின்று, இரவில் நீங்கள் பார்க்காத மலையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.