மாதிரிக்குள் வராத மாவட்டம்: திருகோணமலையும் எமது கள ஆய்வுகளும்

எமது பல்கலைக்கழகங்களிற் சமர்ப்பிக்கப்படும் சமூகவியல், புவியியல், பொருளியல் ஆய்வேடுகள் பலவற்றின் முறையியல் இயலில் ஒரு செய்தி தவறாது இடம்பெறும்: இத்தனை குடும்பங்கள் எழுமாற்று முறையில் தெரிவுசெய்யப்பட்டன என்பதே அது. எந்தப் பட்டியலிலிருந்து, எந்த மாதத்தில், எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டன என்று வினவின் விடை கிடைப்பது அரிது. வினாக்கொத்துகளின் தொகை பெருகினாற் போதும், உண்மை தானே வெளிப்படும் என்ற நம்பிக்கை இதன் பின்னே நிற்கின்றது. 1936 இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ சஞ்சிகை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச் சீட்டுகளைத் திரட்டி, லாண்டனே சனாதிபதியாவார் என்றது. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோரின் பட்டியல்களே அதற்குப் பெரிதும் ஆதாரமாயின. ஆயினும் வென்றவர் ரூஸ்வெல்ட்டே.

எமது நாட்டில் இத்தகைய விடுபடலுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டலகு வருமான, செலவின அளவீடே வறுமை பற்றிய எண்களுக்கு ஆதாரம். 2002 ஆம் ஆண்டின் அளவீட்டில் வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. 2006/07 இல் மட்டக்களப்பும் அம்பாறையும் சேர்க்கப்பட்டன. வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் வெளியே நின்றன. 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூதூர், சம்பூர்ப் பகுதிகளிற் போர் மூண்டது. அந்நிலையிற் களத்துக்குச் செல்லாத உத்தியோகத்தரைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. திணைக்களமும் விடுபட்ட மாவட்டங்களைத் தன் அறிக்கையிற் குறித்தே உள்ளது. வழு, அவ்வெண்களை எடுத்தாள்வோரின் எழுத்திலே பிறக்கின்றது. அடிக்குறிப்பு உதிர்ந்துவிட, 2002 இல் 22.7 வீதம், 2006/07 இல் 15.2 வீதம், 2009/10 இல் 8.9 வீதம் என வறுமை வீழ்ந்த கதை சொல்லப்படுகின்றது. திருகோணமலை உள்ளே வந்த 2009/10 இலும் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியன வெளியிலேயே இருந்தன. ஆகவே இம்மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு நிலப்பரப்புகளைப் பற்றியவை.

இவ்விடத்து மிகைப்படுத்தலும் ஆகாது. திருகோணமலையின் குடித்தொகை நாட்டின் தொகையில் இரண்டு வீதத்துக்கும் குறைவு. 2009/10 இல் அம்மாவட்டத்தின் வறுமை 11.7 வீதம். அவ்வாண்டில் அது விடுபட்டிருப்பினும் நாட்டுச் சராசரி ஒரு வீதத்தின் இருபதில் ஒரு பங்களவே அசைந்திருக்கும். முற்போக்கு எழுத்தாளருட் சிலர் கருதுவது போல, விடுபடல் எப்போதும் பேரெண்ணைப் பொய்யாக்கிவிடுவதில்லை. இழப்பு மாவட்டத்துக்கே உரியது. சுனாமி தாக்கி ஈராண்டு கழிந்து, போரும் நடந்த அக்காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு குடும்பம் எதை உண்டது, எவ்வளவு கடன்பட்டது என்பதற்கு அவ்வளவீட்டில் ஒரு வரியேனும் இல்லை. பின்வந்த அளவீடு எதுவும் அதை ஈடுசெய்ய மாட்டாது.

மாதிரிச் சட்டகத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1981 இன் பின்னர் 1991 இற் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் திருகோணமலையில் அது முற்றுப்பெறவில்லை. 2012 வரை முழுமையான கணக்கெடுப்பே இல்லை. இடையில் முப்பத்தொரு ஆண்டுகள். 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுட் பலர் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, 2015 இலும் அதன் பின்னருமே மீண்டனர். அவ்வாண்டுகளில் பழைய வாக்காளர் இடாப்பைக் கையிலெடுத்த ஆய்வாளர் ஆளில்லாத ஊரைத் தேடியிருப்பார். நின்ற வீடுகளை எண்ணிச் சென்றவர் முகாமைத் தவறவிட்டிருப்பார்.

பட்டியல் செம்மையாக இருப்பினும் தெரிவிலே இடறல் உண்டு. பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்ட இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஆயினும் கலந்து வாழ்வது குறைவு. வெருகல், கிண்ணியா, கோமரங்கடவெல ஆகிய ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரே சமூகத்தினரே உள்ளனர். பத்துக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் இருபது இருபது குடும்பங்களாக இருநூறு பேரைக் கண்டோம் என்போர் இதனைக் கருதுவதில்லை. அயலார் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவை 0.2 எனக் கொள்வோம். அப்போது மாதிரியின் மாறற்றிறன் 4.8 மடங்காகும், இருநூறு குடும்பங்கள் தரும் செய்தி, தனித்தனியே எழுமாறாகத் தெரிந்த 42 குடும்பங்கள் தரும் செய்திக்கே சமமாகும். இதைக் கணிக்கப் பெருங்கணிதம் வேண்டியதில்லை, பத்தொன்பதை 0.2 ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்டினாற் போதும்.

காலமும் ஒரு படைதான். கீழ்க்கரையிற் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் பெரிதும் அமைதியாக இருக்கும். அக்காலத்தில் மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் வந்து வாடியமைப்பர். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது வள்ளங்கள் கரையேறிவிடும். பல்கலைக்கழக விடுமுறையை நோக்கி ஒரு மாதத்தைத் தெரிந்து, மாத வருமானம் எவ்வளவு என்று கரைவலைத் தொழிலாளியைக் கேட்பதாற் பயன் யாது? அவர் பெறுவது கூலியன்று, செலவு கழித்த பங்கு. சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் அதில் எந்தப் பக்கத்திற் சேரும் என்பதற்கு வினாக்கொத்திற் கட்டமே இருப்பதில்லை.

வினவுவோராலும் விடை மாறும். வங்காளத்தின் சணல் அளவீடுகளில் மகலனோபிஸ் ஒரே பரப்பில் இரு மாதிரிகளை எடுத்து, இரு குழுவினரிடம் வேறுவேறாக ஒப்படைத்தார்; இருவர் முடிபும் எவ்வளவு வேறுபட்டனவோ அவ்வளவுக்குக் களத்தின் வழு புலனாயிற்று. தமிழ் மட்டும் அறிந்த ஒரு குழுவையும் சிங்களமும் அறிந்த இன்னொரு குழுவையும் கந்தளாய்க்கு அனுப்பிப் பார்த்த ஆய்வேடு ஒன்றை நாம் இன்னும் காணவில்லை.

இவையெல்லாம் பொருட்செலவுள்ளவை என்பதை அறிவோம். செலவில்லாத ஒன்றும் உண்டு. தெரிவான வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் வினாக்கொத்தை நிரப்பிவிடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. பகலிற் பூட்டியிருப்பது கூலிக்குச் சென்றவரின் வீடு; திறந்திருப்பது பெரும்பாலும் கடைக்காரரினதும் ஓய்வூதியகாரரினதும். அடுத்துவரும் ஆய்வேடுகளிற் பூட்டியிருந்த கதவுகளின் எண்ணிக்கைக்கு முதலாம் அட்டவணையில் ஒரு நிரல் ஒதுக்குமாறு மேற்பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.