இல்லாத கண்ணும் இருக்கும் கண்ணும்

புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். கனி சாறாகிறது, ஊறுகாயாகிறது, நல்ல பயன்தான். ஆனால் எத்தனை கனிகள் மிளகாயோடு கோக்கப்பட்டு வாசல்தோறும் தொங்கி வாடுகின்றன! கண்ணேறு பட்டுவிடுமாம்! அப்படி அஞ்சும் வீட்டார் என்ன செய்கின்றனர்? குழந்தை பிறந்த அன்றே அதன் படத்தை, பெயரை, பிறந்த நேரத்தை, மருத்துவமனையின் பெயரை முகநூலிலே ஏற்றி ஊருக்கே காட்டுகின்றனர். இல்லாத கண்ணுக்கு எலுமிச்சைக் காவல். இருக்கும் கண்ணுக்குத் திறந்த கதவு!

இருக்கும் கண் எது? வணிகனின் கண், வாக்கு வேட்டையாடுவோன் கண், சாதி வெறியன் கண்.

கைப்பேசியிலே இலவசமாக ஜாதகம் கணிக்கும் செயலிகள் வந்துவிட்டன. பிறந்த நாள் எது, நேரம் எது, ஊர் எது, தொலைபேசி எண் எது என்று கேட்கின்றன. பழைய சோதிடன் தட்சிணை கேட்டான். புதிய சோதிடன் ஆளின் முழு விவரத்தையே கேட்கிறான். படித்தவரும் தயங்காமல் தருகின்றனர்.

தந்தால் என்ன கெடும் என்போர் இதைக் கேட்கட்டும். உன் குணத்தை அறிந்து சொல்கிறேன் என்று ஆசை காட்டி, வினாப்பட்டியல் ஒன்று முகநூலிலே உலவிற்று. அதன் வழியே திரண்ட செய்திகள், தேர்தல் பிரசாரத் தொழில் நடத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்தின் கைக்குப் போயின. 2018-இல் முகநூல் நிறுவனமே தந்த கணக்கைப் பாருங்கள்: இந்தியாவிலே அந்தச் செயலியை ஏற்றவர் 335 பேர், அவர்களின் நண்பர்களாக இருந்த ஒரே காரணத்தால் செய்தி பறிபோயிருக்கக் கூடியவர் 5,62,120 பேர்! என் வீட்டுக் கதவை நான் திறந்துவைத்தேன். கொள்ளை போனது அடுத்த வீடு. அந்தரங்கம் தனியொருவர் விவகாரமன்று, தோழர்களே, அது சமுதாய விவகாரம்!

“மறைக்க ஏதுமில்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?” என்று சிலர் கேட்கின்றனர். சாதி கடந்து மணக்க விழையும் இணையரைக் கேளுங்கள், விடை கிடைக்கும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. கேரளத்திலே அந்த அறிவிப்புகளை இணையத்திலும் ஏற்றினர். மதவெறியர் அவற்றை எடுத்து, பெயரும் முகவரியுமாகப் பரப்பினர். 2020-இல் அம்மாநில அரசு அந்த வழக்கத்தை நிறுத்தியது.

அண்ணா ஆட்சியிலே 1967-இல் சட்டமான சுயமரியாதைத் திருமணத்துக்கும் ஊரறிந்த அறிவிப்பு வேண்டும் என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் கொண்டது. உச்ச நீதிமன்றம் 2023-இல் அதைத் தள்ளியது. எதிர்ப்புக்கு அஞ்சும் இணையரைப் பகிரங்கப்படுத்தச் சொல்வது அவர்தம் உயிருக்கே ஊறாகலாம் என்று உணர்ந்து தந்த தீர்ப்பு அது. ஆம், இங்கே அந்தரங்கமே உயிர்க்கவசம்! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்ததும் 2017-இல்தான்.

இதைச் சாக்காக்கி, “பெண்கள் படம் போடலாகாது” என்று முக்காடு தைக்க வருவோரை நம்பாதீர். படம் போட்டவள் குற்றவாளியல்லள். அதைத் திருத்திப் பரப்பியவனே குற்றவாளி. எதைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும், அதுவே சுயமரியாதை.

சட்டம் மட்டும் காக்குமா? 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுத் துறைகளுக்கு விலக்களிக்கவும் வழி வைத்திருக்கிறது. எனவே நாம்தான் விழித்திருக்க வேண்டும். கேட்பவன் யார், எதற்குக் கேட்கிறான், தராவிட்டால் என்ன என்று வினவுங்கள். தோழரின் படத்தையோ எண்ணையோ அவரைக் கேளாமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

ஏன், எதற்கு என்று கடவுளையே கேட்கக் கற்றவர்கள் நாம். கைப்பேசியைக் கேட்கத் தயங்கலாமா?