இரட்டை ஏராப் படகின் குணதோஷம்

பிரிட்டனின் மேற்குக் கரையில், பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியிலே, பெரும் ஓத நாட்களில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வேறுபாடு 14 மீட்டர் வரை எட்டுவதுண்டு. காலையில் படகுகள் மிதந்து கொண்டிருந்த துறை பிற்பகலில் வெறும் சேற்று வெளியாகக் கிடப்பதை அங்கே எவரும் விசேஷமாகப் பாராட்டுவதில்லை. இத்தகைய கரையிலே பாய்மரப் படகு வைத்துக்கொள்ள விரும்புகிறவனுக்கு முதலில் எழும் பிரச்சனை, கடலில் எப்படிச் செல்வது என்பதன்று. கடல் விலகிப் போனபின் படகை எப்படி நிறுத்துவது என்பதே. ஏரா எனப்படும் கனத்த அடிக்கட்டை ஒன்று மட்டும் நடுவில் ஆழமாக இறங்கியிருக்கும் படகு, நீர் வற்றியதும் ஒருபுறமாகச் சாய்ந்து விழும். அதே பாரத்தை இரண்டாகப் பகுத்து, குறைந்த ஆழமுள்ள இரு ஏராக்களாக வலமும் இடமும் பொருத்திவிட்டால், படகு தன் சொந்தக் கால்களில் நிமிர்ந்து நிற்கும். நடுவில் ஓர் ஏராவும் பக்கங்களில் மெல்லிய தகடுகளுமாக அமைந்த வேறொரு வகையும் உண்டு; அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

இந்த யுக்தி புதிதன்று. ரிவர்டேல் பிரபு தம்முடைய ‘புளூபேர்ட்’ படகுகளில் 1920களிலேயே இதைப் பரீட்சித்துப் பார்த்தார். எனினும் இது சாதாரண உத்தியோகஸ்தனின் கைக்கு எட்டும் பொருளானது, இரண்டாம் உலக யுத்தத்தில் அட்லாண்டிக் கடலில் போர்க்கப்பல்களுக்குத் தலைமை வகித்தவரும், ‘தி எனிமி பிலோ’ என்ற நாவலை எழுதியவருமான டெனிஸ் ரெய்னர் 1963-இல் தொடங்கிய வெஸ்டர்லி நிறுவனத்தால்தான். அந்நிறுவனத்திற்காக லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பகத்தார் வரைந்த ‘சென்டார்’ என்ற 26 அடிப் படகு, 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் அதிகமாகக் கட்டப்பட்டது. ஆகவே இன்று பழைய இரட்டை ஏராப் படகு வாங்கப் புறப்படும் ஒருவன், வேறு எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஒரு சென்டாரையாவது பார்க்காமல் திரும்ப மாட்டான். மூன்றடி நீரே அதற்குப் போதும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஒரு குடும்பம் படுத்துறங்கலாம். அழகு என்று எவரும் அதைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இப்படகுகளின் மேல் வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றம், காற்றை எதிர்த்துச் செல்வதில் இவை மந்தமானவை என்பதாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நழுவாமல் காப்பது ஏராவின் பரப்பைவிட அதன் ஆழமேயாதலால், ஆழம் குறைந்த இரண்டு ஏராக்கள் ஆழமான ஒன்றுக்கு முழுமையாக ஈடாவதில்லை. நீரில் உராயும் பரப்போ இரண்டினாலும் கூடுகிறது. படகு சாயும்போது காற்றுக்கு மறைவான பக்கத்து ஏரா செங்குத்தாகி நன்றாக வேலை செய்கிறது என்று ஆதரவாளர் கூறுவது சரியே. ஆனால் அதே கணத்தில் மற்ற ஏரா நீர்மட்டத்தை நோக்கி எழும்பி, அலை அதன் அடியில் வந்து அறையும் ஓசை கலத்தின் உட்புறமெங்கும் கேட்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. சென்டாரின் உடலிலேயே ஒற்றை ஏரா பொருத்தி ‘பெம்புரோக்’ என்ற பெயரில் அதே நிறுவனம் விற்றதிலிருந்து, இந்தக் குறையைக் கட்டியவர்களும் அறிந்தேயிருந்தார்கள் என்று ஊகிக்கலாம்.

ஆயினும் இக்குற்றச்சாட்டுக்கு அளவுக்கு மிஞ்சிய மதிப்புத் தரப்படுகிறது என்பதே என் அபிப்பிராயம். பந்தயத்தில் ஓடுகிறவர்களின் அளவுகோலை, மனைவி மக்களோடு அடுத்த கழிமுகத்திற்குப் போய்த் தேநீர் அருந்தித் திரும்புகிறவன்மேல் வைப்பது நியாயமாகாது. கரையை நோக்கிக் காற்று பலமாக வீசும் வேளையில், அங்கிருந்து மீள வேண்டிய சமயத்தில் மட்டுமே இந்த மந்தம் ஆபத்தாக மாறுகிறது. அப்பொழுது எஞ்சினை முடுக்குவதைத் தவிர வேறு வழியிராது. எனவே ஒற்றை ஏராப் படகில் எஞ்சின் ஒரு சௌகரியம்; இரட்டை ஏராப் படகில் அது அத்தியாவசியம். இதை மனத்தில் கொண்டு பார்த்தால், படகின் பாய்களைப் பற்றி விற்பவன் பேசும் நேரத்தில் வாங்குகிறவன் எஞ்சினின் அருகே நிற்பது உசிதம்.

உண்மையான தோஷம் வேறிடத்தில், எவரும் அதிகம் பேசாத இடத்தில், இருக்கிறது. பன்னிரண்டே கால் மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்திற்கு ஒருமுறை ஓதம் வற்றும் துறையில், ஆண்டுக்கு ஆறு மாதம் மட்டுமே நீரில் கட்டப்பட்டிருக்கும் படகு கூட, அந்த ஆறு மாதத்தில் ஏறக்குறைய 350 முறை தரையில் அமர்ந்து எழுகிறது. நாற்பது வருஷத்தில் இது 14,000 முறையாகிறது. சென்டாரின் ஏராக்கள் நேராக இறங்காமல் வெளிப்புறமாக விரிந்திருப்பவை. மூன்று டன் எடையுள்ள படகு அவற்றின்மேல் அமரும் ஒவ்வொரு முறையும், வழுக்குத் தரையில் காலை அகட்டி நிற்பவனைப்போல, அவை இன்னும் அகலவே முயல்கின்றன. அந்த முயற்சி முழுவதும் ஏராவும் கண்ணாடி இழை உடலும் சேரும் வேர்ப்பகுதியில் வளைவாகச் சென்று சேர்கிறது. ஆரம்பகாலச் சென்டார்களில் அவ்விடம் போதிய பலமின்றிக் கட்டப்பட்டதென்பதும், பின்னர் பல படகுகளுக்கு உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்துப் பலப்படுத்த நேர்ந்ததென்பதும் படகுக்காரர் அனைவரும் அறிந்த விஷயம். செலவில்லாத துறையில் தரைதட்டி நிற்கலாம் என்ற ஒரே குணத்திற்காக விலை கொடுத்து வாங்கப்படும் படகை, அந்தக் குணமே நாளுக்கு இருமுறை தேய்க்கிறது. குணமும் தோஷமும் இங்கே ஒரே வேரிலிருந்து முளைத்தவையாதலால், ஒன்றை மட்டும் விலைக்கு வாங்க முடியாது.

இதனால், பழைய படகை வாங்குகிறவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி அது எங்கெங்கே பிரயாணம் செய்தது என்பதன்று, எந்தத் துறையில் கட்டிக் கிடந்தது என்பதே. மென்மையான சேற்றில் ஏராக்கள் மெல்லப் புதைந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். கடினமான மணலிலோ, அதிலும் அலை உள்ளே புகுந்துவரும் திறந்த துறையிலோ, தரையைத் தொடும் அந்தச் சில நிமிஷங்களில் படகு தூக்கித் தூக்கிப் போடப்படும். மேடுபள்ளமான தரையானால் முழுப் பாரமும் ஓர் ஏராவின்மேல் விழும். ஆண்டு முழுதும் மிதக்கும் மரினாவில் கிடந்த படகானால் இந்தத் தேய்வு அதற்கு நேர்ந்திராது. ஆனால் அங்கே வாடகை கட்டி வந்தவன் இரட்டை ஏராவை எதற்காக வைத்திருந்தான் என்ற சந்தேகமும் நியாயமானதே.

மற்றக் குறைகள் எல்லாப் பழம் படகுகளுக்கும் பொதுவானவை. அடிப்பகுதியில் நீர் ஊறிக் கொப்புளம் எழும்பியிருக்கலாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் காலாவதியாகியிருக்கலாம். வெஸ்டர்லிப் படகுகளில் கூரையின் உட்புறம் ஒட்டிய துணி, பின்னுள்ள பஞ்சு பொடியாகி, தலைமேல் தொங்கும். புது எஞ்சின் வைக்கும் செலவு பல வேளைகளில் படகின் விலையையே மிஞ்சிவிடும். மலிவு என்ற சொல்லை விற்பவன் உச்சரிக்கும்போது, அது எதனுடைய மலிவு என்று கேட்டுக்கொள்வது நலம்.

சர்வேயர் ஒருவரை அமர்த்தாமல் இந்த வியாபாரத்தில் இறங்கலாகாது. இன்ஷூரன்ஸ்காரர்களும் பழைய படகுக்குச் சர்வே அறிக்கையைக் கேட்பது வழக்கம். ஆனால் அவர் பார்க்கும் நாளில் படகு எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியமானது. தன் ஏராக்களின் மேல் நிற்கும் படகில் வேர்ப்பகுதியின் வெடிப்பு அழுந்தி மறைந்திருக்கக் கூடும். பட்டைகளில் தூக்கிப் பாரத்தை நீக்கியவுடன் அது வாய் திறக்கலாம், அல்லது அதற்கு மாறாகவும் நிகழலாம். இரண்டு நிலைகளிலும் ஒரே இடத்தைப் பார்த்து, தொங்கும்போது ஏராவின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளி அது அசைகிறதா என்று சோதித்து, உள்ளே படுக்கைப் பலகைகளைக் கழற்றி, ஏராவைப் பூட்டும் போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கறை வடிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விலைப்பேச்சைத் தொடங்க வேண்டும். கிரேன் கூலியை மிச்சப்படுத்துவதற்காகத் தூக்கிக் காட்ட மறுக்கும் விற்பனையாளனிடம், அந்தக் கூலியைத் தானே தருவதாக வாங்குகிறவன் சொல்லிப் பார்க்கலாம். அதன் பின்னும் மறுத்தால் அவனிடம் மேலே பேச ஒன்றுமில்லை.