முத்துசாமியின் முகம்: ஒரு விளம்பரமும் இரு அங்கதங்களும்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. வசையை வெளிப்படையாகக் கூறுவது முன்னது. சொல்லுக்குள் மறைத்துக் கூறுவது பின்னது. இவ்விரண்டும் ஒரே வாரத்தில், ஒரே படைப்பாளர்களிடமிருந்து, ஒரே விளம்பரத்திற்கு எதிராகப் பிறந்த நிகழ்வு 2019இல் சிங்கப்பூரில் நடந்தது. அது இனநல்லிணக்கச் சிக்கலாகவே பெரிதும் பேசப்பட்டது. நாம் இங்கு அதனை அங்கதமாக நோக்க முற்படுகிறோம்.

நெட்ஸ் நிறுவனத்தின் 'இ-பே' மின்கட்டண முறைக்காக ஹவாஸ் விளம்பர நிறுவனம் உருவாக்கிய விளம்பரம் அது. மின்கட்டணம் எல்லாருக்கும் உரியது என்பதே அதன் செய்தி. அதனை உணர்த்த, மீடியாகார்ப் கலைஞர் டென்னிஸ் சியூ ஒருவரே நான்கு வேடங்களில் தோன்றினார். அவற்றுள் ஒன்று முக்காடணிந்த மலாய்ப் பெண். மற்றொன்று தோல் கறுப்பாக்கப்பட்ட இந்திய ஆடவர். அவ்வாடவரின் அடையாள அட்டையில் 'கே. முத்துசாமி' என்றிருந்தது. தலைப்பெழுத்தைக்கூட மறவாமல் இட்டிருக்கிறார்கள் என்பது நோக்கத்தக்கது. பெயரில் இத்துணை நுட்பம் காட்டியவர்களுக்கு, அப்பெயருக்குரிய ஒருவரைச் சிராங்கூன் சாலையிலிருந்து அழைத்துவரத் தோன்றவில்லை. 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு ஒருவர் முகமே போதும் என்று நம்பும் தன்வியப்பே இவ்விளம்பரத்தின் உண்மையான கற்பனை எனலாம்.

எதிர்ப்பு எழுந்தபின், ஹவாஸும் மீடியாகார்ப்பின் கலைஞர் மேலாண்மைப் பிரிவான 'தி செலிபிரிட்டி ஏஜென்சி'யும் வெளியிட்ட வருத்த அறிக்கை விளம்பரத்தைக் காட்டிலும் சுவையானது. அது பிழையிலிருந்து தொடங்கவில்லை. இயக்கத்தின் உயரிய நோக்கத்திலிருந்து தொடங்குகிறது. அடுத்து, பல வேடங்களை நகைச்சுவையாக ஏற்பதில் கலைஞருக்குள்ள புகழ் வருகிறது. அதன்பின்னரே, எண்ணாமல் நேர்ந்த மனவருத்தத்திற்கான வருத்தம். மன்னிப்பும் இங்கே மற்றொரு விளம்பர வாசகமாகிவிடுகிறது.

ப்ரீத்தி நாயரும் அவர் சகோதரர் சுபாஸ் நாயரும் 2019 ஜூலை 29 அன்று வெளியிட்ட 'கே. முத்துசாமி' என்னும் ராப் காணொளி செம்பொருள் அங்கதம். சினத்தின் காரணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் படைப்பு என்ற முறையில் அது வலுவற்றது என்றே கருதுகிறோம். குறி விளம்பர நிறுவனத்தின் செருக்காக இருந்திருக்க வேண்டும்; பாட்டோ வசைச்சொற்களுடன் சீன இனத்தார் அனைவர் மீதும் பாய்ந்தது. நான்கு வேடத்திற்கு ஒரு முகம் போதும் என்றது விளம்பரம். ஒரு நிறுவனத்தின் பிழைக்கு ஓர் இனமே போதும் என்றது பாட்டு. ஒரே தவறின் இரு பக்கங்கள் இவை.

ஆனால் ஆகஸ்ட் 2 அன்று அவர்கள் வெளியிட்ட முதல் 'மன்னிப்பு' வேறு தரத்தது. ஹவாஸ் அறிக்கையின் வாக்கிய அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, பெயர்களையும் பொருளையும் மட்டும் மாற்றினார்கள். உயர்ந்த நோக்கம், கலைஞரின் புகழ், எண்ணாமல் நேர்ந்த வருத்தம் என்னும் வரிசை அவ்வாறே நின்றது. ஒரு வசைச்சொல்லும் இல்லை, யாரையும் பழிக்கவில்லை. மூல அறிக்கையின் வெறுமை தானாகவே வெளிப்பட்டது. பழிகரப்பு அங்கதத்திற்கு இதனினும் தெளிவான இக்கால எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

உள்துறை அமைச்சு அந்த ஒப்புமையைச் சரியாகவே கண்டுகொண்டது. ஹவாஸ் அறிக்கையைப் பகடி செய்யும் அவ்வறிக்கை மன்னிப்பாகாது, ஏளனமே என்றது. மறுநாள் இருவரும் வேறொரு மன்னிப்பை வெளியிட்டனர். ஆகஸ்ட் 14 அன்று காவல்துறை அவர்களுக்கு 24 மாத நிபந்தனை எச்சரிக்கை விடுத்தது. விளம்பரத்தில் குற்றச்செயல் இல்லை என்பது அதிகாரிகளின் முடிவு. சட்டத்தைப் பற்றி நாம் பேச வரவில்லை. ஆயினும் ஒரு திறனாய்வாளர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி உண்டு: நகல் உண்மையான மன்னிப்பன்று எனில், அதே வாக்கியங்களால் ஆன மூலம் எவ்வாறு மன்னிப்பாயிற்று? நகலெடுத்தோரின் உள்நோக்கம் வேறு என்று விடை கூறலாம். அவ்வாறாயின், மூலத்தை எழுதியோரின் உள்நோக்கத்தையும் அதே கண்கொண்டு படித்தல் வேண்டும்.

டென்னிஸ் சியூ ஆகஸ்ட் 7 அன்று தம் பெயரிலேயே தனியாக வருத்தம் தெரிவித்தார். அதில் இயக்கத்தின் நோக்கமோ தம் புகழோ முன்னே வரவில்லை.