வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் பாடம் காத்தலும்

மதுரைத் திருமலை நாயக்கர் மகால் 1636இல் எழுந்தது. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1866–1872) சீரமைக்கப்பட்டது. அழிவிலிருந்து அதனை மீட்ட அப்பணியே, நாயக்கர் காலத்துச் சுதை எது, பின்னவர் கைவேலை எது என்னும் ஐயத்தையும் விட்டுச்சென்றது. அவ்வையம் இன்று தேவாலயச் சாளரங்களையும் நெருங்குகிறது. சென்னைச் சாந்தோம் பேராலயம் 1896இலும், இருபத்தெட்டுப் புனிதர்களின் உருவங்களைச் சாளரங்களில் கொண்ட புதுச்சேரித் திரு இருதய ஆண்டவர் பேராலயம் 1907இலும் நிறைவுற்றன. இரண்டும் நூற்றாண்டைக் கடந்தவை.

வண்ணக் கண்ணாடியில் நிறம் பெரும்பாலும் கண்ணாடியின் உள்ளேயே உருக்கிச் சேர்க்கப்படுவது. முகமும் ஆடை மடிப்பும் அதன்மேல் தீட்டிச் சூளையில் சுடப்படுபவை. துண்டுகளை இணைப்பது ஈயம். வெப்பத்தில் ஈயம் கண்ணாடியைப் போல ஏறத்தாழ மும்மடங்கு விரிவதால், தமிழகத்து வெயிலில் நாள்தோறும் விரிந்து சுருங்கித் தளர்கிறது, சாளரம் புடைக்கிறது. நன்கு சுடப்படாத தீட்டல் ஈரத்தில் உதிர்கிறது. பாதுகாப்புக்கென வெளிப்புறம் காற்றோட்டமின்றிப் பொருத்தும் கண்ணாடியோ வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளே தேக்கிக் கேட்டை விரைவுபடுத்துகிறது.

எனவே சீரமைப்புத் தேவையே. எத்தகைய சீரமைப்பு என்பதே வினா. உதிர்ந்த முகத்தைப் புதிதாக வரைவதும், விரிசலுற்ற துண்டைக் களைந்து பளபளக்கும் கண்ணாடி பதிப்பதும் பழுதுபார்த்தல் எனப் பாராட்டப்படுகின்றன. தமிழாய்வாளர்க்கு இதன் பிழை எளிதில் விளங்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் மரபு, சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பாது சிதைவென்றே காட்டவும், பாடபேதங்களைக் குறிக்கவும் கற்பித்தது. ஏட்டுக்கு உரிய அந்நேர்மை கண்ணாடிக்கும் உரியது. குறைந்த தலையீடு, மீளப் பிரிக்கத்தக்க இணைப்பு, முழுமையான ஆவணம் ஆகியவற்றை வலியுறுத்தும் பன்னாட்டு நெறிகளும் இதனையே வேண்டுகின்றன.

தேவாலயம் அருங்காட்சியகம் அன்று, வழிபாட்டிடம். முகமிழந்த புனிதர் முன் மக்கள் எவ்வாறு வணங்குவர் என்னும் மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. குடமுழுக்குத்தோறும் புதுப்பிக்கப்படும் கோயில்களும் இவ்வினாவை எதிர்கொள்கின்றன. ஆயினும் விடை உண்டு. பழந்துண்டை அகற்றாது, அதன் பின்புறம் தனித் தகட்டில் முகத்தை வரைந்து பொருத்தலாம். வணங்குவோர் முழு உருவைக் காண்பர். ஆய்வோர் இரு கைகளையும் பிரித்தறிவர்.

ஈயத்தை மாற்றலாம், அது தேய்வதற்கென்றே இடப்பட்டது. தீட்டிய கைவினைஞரின் கோட்டை மாற்றினால் மூலப்பாடமே மறையும். ஒவ்வொரு சாளரத்தையும் கழற்றுமுன் துண்டு துண்டாகப் படமெடுத்துப் பதிவுசெய்தலே தமிழகத்தில் முதற்கண் ஆற்றவேண்டிய பணி.